நான்கு கதவு ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் செய்வதை இங்கிலாந்து 1963இல் நிறுத்திக்கொண்டது. 1903இல் கவென்ட்ரி நகரத்தில் ஆரம்பித்த கம்பெனி அது. அங்கே அதே கம்பெனியின் டிரையம்ப் என்ற பெயர் மட்டும் தொடர்ந்தது. மெட்ராஸ் பக்கத்து வண்டலூர் ஆலையிலோ ஸ்டாண்டர்ட் என்ற பெயர் அதற்குப் பிறகும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஓடியது. அந்தப் பெயர் தாங்கிய கடைசிக் கார்கள் நம்முடைய ஜி.எஸ்.டி. சாலையோரம் பிறந்தவை. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும்? பழைய கார் என்று பேச்செடுத்தால் அம்பாசடர், ஃபியட் என்று இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒன்று கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்தது. மற்றது பம்பாய் குர்லாவில் செய்தது. மெட்ராஸ்காரர்கள் செய்த காரை மெட்ராஸே மறந்துவிட்டதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பெருங்களத்தூர் பக்கம் வளர்ந்தவன். ஆலையில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் சாலை முழுக்க சைக்கிள்களாக இருக்கும். நம்பர் எழுதாத புது ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகள் சில சமயம் வரிசையாகத் தாம்பரம் பக்கம் போகும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்த ஆலைதான் சோறு. கார் செய்கிறவர்கள் யாரிடமும் கார் கிடையாது. பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, தெருவில் ஒரு ஹெரால்ட் நின்றால் அருகே போய்க் குனிந்து கதவோரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். அவர் அந்தக் காருக்கு ஆசைப்பட்டாரா என்று தெரியாது. பக்கத்தில் நின்ற நான் ஆசைப்பட்டேன்.

அந்தக் காலத்து ஆசைக்கு ஒரு தனித் தன்மை உண்டு. இன்றைக்குப் பையன்கள் ஒரு மாடலுக்கு ஆசைப்படுகிறார்கள். நாங்கள் ஆசைப்பட்டது ஒரு வண்டிக்கு. ரயில்வே டாக்டர் வைத்திருந்த சாம்பல் நிற ஹெரால்ட், வக்கீல் வீட்டு லாண்ட்மாஸ்டர், சேலையூரில் ஒரு பங்களாவில் நின்ற மாரிஸ் மைனர் என்று ஒவ்வொன்றையும் நம்பரோடு, ஹார்ன் சத்தத்தோடு, எந்த மட்கார்டில் நசுங்கல் என்பதோடு அறிந்து வைத்திருந்தோம். மாரிஸ் மைனர் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து எழும்பும் அந்தக் கைகாட்டி விளக்கைப் பார்ப்பதற்காகவே முச்சந்தியில் நின்றிருக்கிறோம். கார்கள் அவ்வளவு குறைவு.

ஏன் குறைவு என்பதைச் சொல்லாமல் அந்த ஆசையைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. சுதந்திரத்துக்கு முன்னால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றன. பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்று 1950களில் அரசு உறுதியாக நின்றபோது அவை வெளியேறின. மிஞ்சியது மூன்று கார் கம்பெனிகள்: இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம்முடைய ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். யாருக்கு எந்த வரிசையில் கொடுக்கலாம் என்பதற்கு 1959இலிருந்து தனி உத்தரவு. 1969இல் மத்திய அரசு விலையையும் தானே நிர்ணயித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஃபியட்டுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் தூதரகங்கள் ஓட்டிக் கழித்ததை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக வாங்க வேண்டும். சினிமாக்காரர்களின் இம்பாலாக்களில் பல அப்படி வந்தவைதான். நுங்கம்பாக்கத்தில் ஓர் இம்பாலாவைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது வேறு உலகத்து வண்டி, ஆசைப்படக்கூடத் தோன்றவில்லை. ஹெரால்ட் அப்படியில்லை, எங்கள் தெருக்காரர்கள் கைபட்டு வந்தது.

இனி அந்தக் காரைப் பற்றி. டிரையம்ப் ஹெரால்ட் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவம் கொடுத்தவர் ஜோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். கூர்மையான ஓரங்கள், புருவம் தூக்கிய முன்விளக்குகள், பின்பக்கம் சின்னத் துடுப்புகள். அம்பாசடரின் உருண்டை உடம்பையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் கோடுகள் எவ்வளவு இளமையாகத் தெரிந்தன என்பதை இப்போது விளக்குவது கடினம். 1961இல் இங்கே அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது. 948 சிசி எஞ்சின், தரையிலிருந்து எழும் கியர் லீவர். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டியரிங் தண்டில் இருந்த காலத்தில் அந்த லீவரே ஹெரால்டைப் பந்தயக் காராக எங்களுக்குக் காட்டியது.

அதன் கட்டுமானத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கவென்ட்ரிக் கம்பெனிக்கு உடற்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பற்றவைத்த உடம்பைச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே பழைய முறைக்கே போனார்கள்: தனியாக ஒரு சேசிஸ், அதன் மேல் பல இடங்களில் தனித்தனியாகச் செய்த தகடுகளை போல்ட் போட்டு முறுக்கிய உடம்பு. அங்கே வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடு இங்கே வரமாக அமைந்தது. பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டலாம். ஒவ்வொரு பாகமாக உள்ளூரிலேயே செய்யவும் பழகலாம். சில ஆண்டுகளில் பாகங்கள் எல்லாமே இந்நாட்டில் செய்தவை ஆயின. ஒரு காரை முழுசாகப் பிரித்துப் புரிந்துகொள்ள ஓர் ஊருக்குக் கிடைத்த வாய்ப்பு அது.

பானட்டைச் சொல்லாமல் ஹெரால்டைச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்து இழுத்தால் முன்பாதி முழுவதும், மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து, முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சினும் ஸ்டியரிங்கும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றுவார். திரும்புவதும் அபாரம்: 25 அடி விட்டத்துக்குள் வண்டி முழு வட்டம் போட்டுவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளில் அம்பாசடர் முன்னும் பின்னும் போய் அவதிப்படும் இடத்தில் ஹெரால்ட் ஒரே மடக்கில் திரும்பும்.

குரோம்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஸ்டாண்டர்ட் வண்டிகளை மட்டும் எடுப்பார். அவர் ஷெட்டில் பள்ளி விட்டதும் போய் நிற்பேன். முன்சக்கரத்தின் அடியில் டிரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. சக்கரம் திரும்புவது அதன் மரையில்தான். ஒருநாள் அதைக் காட்டிச் சொன்னார்: “தம்பி, இதுல கிரீஸ் கன்னை வெச்சிடக் கூடாது. ஆயில்தான், கியர் ஆயில். கிரீஸ் அடிச்சா அது மரைக்குள்ள இறங்காது. தண்ணி நின்னு துருப்பிடிக்கும். ஒருநாள் போய்க்கிட்டே இருக்கும்போது சக்கரம் படுத்துடும்.” சாலையோரம் முன்சக்கரம் மடிந்து கிடந்த ஹெரால்டுகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காருக்கு ‘கால் ஒடியும் வண்டி’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தது, மற்ற வண்டிகளைப் போலவே எண்ணி எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்த பழக்கம்தான். இன்றைக்கும் ஹெரால்ட் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது அதில் என்ன ஊற்றுகிறீர்கள் என்றுதான்.

ஆனால் பின்சக்கரங்களின் குறையை மெக்கானிக் தலையில் போட முடியாது. அது பிறவிக் குறை. குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், அதன் இரு முனைகளிலும் தனித்தனியாக ஆடும் சக்கரங்கள். இங்கிலாந்துச் சாலையில் இரண்டு பேர் போக அது சொகுசு. நம் ஊரில் ஒரு காரில் தாத்தா பாட்டி முதல் பேரன் வரை ஏறுவார்கள். மேலே திருப்பதிக்குப் போகிற மூட்டையும் இருக்கும். அந்தப் பாரத்தில் பின்சக்கரங்கள், பாரம் தாங்காத கன்றுக்குட்டிபோல், கால் அகட்டி நிற்கும். டயரின் உட்பக்கம் மட்டும் தேயும். குண்டும் குழியுமான சாலையில் அந்த அச்சு நீடிக்கவில்லை.

வண்டலூர்க்காரர்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். முதலில் கதவு. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கி, புடவையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பின்னால் நுழைய நம் வீட்டுப் பெரியம்மாக்கள் பட்ட பாட்டை அந்த ஆலையில் யாரோ பார்த்திருக்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்ட் வந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஹெரால்ட். இன்னும் இரண்டு கதவுகளுக்கு இடம் விட்டு, தூணை நகர்த்தி, கண்ணாடியை வெட்டி, மிக்கெலோட்டியின் கோடு கெடாமல் அதைச் செய்திருக்கிறார்கள். பார்த்தால் பிறகு சேர்த்தது என்று தெரியாது. அடுத்து, 1970களின் தொடக்கத்தில் கெஸல் என்ற புதுப் பெயரில் வந்த காரில் அந்த ஆடும் பின்அச்சையே எடுத்துவிட்டு முழு அச்சு வைத்தார்கள். தேவையைப் பார்த்து, கையில் இருந்ததை வைத்து, இந்த ஊர்ப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் கொடுத்த விடைகள் அவை. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கார்ப் புத்தகத்திலும் மிக்கெலோட்டிக்குப் பக்கத்தில் அச்சாகவில்லை.

எஞ்சின் மட்டும் மாறவே இல்லை. 1961இல் 948 சிசி, 1977வாக்கில் கெஸல் நின்றபோதும் அதே 948 சிசி. இங்கிலாந்தில் 1961இலேயே ஹெரால்டுக்கு 1147 சிசி எஞ்சின் வந்துவிட்டது. புது எஞ்சினுக்குப் புதுக் கருவி வேண்டும், கருவியை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், விலையை ஏற்ற இன்னோர் அனுமதி வேண்டும். எது விற்றாலும் வாங்க வரிசை நிற்கிற சந்தையில் அவ்வளவு தூரம் முட்டிக்கொள்ள யாருக்கும் கட்டாயமும் இல்லை. அந்த ஆலையை வெளிப்போட்டியிலிருந்து காத்த அதே மதில், உள்ளே காற்று வராமலும் செய்துவிட்டது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்கிற பழைய கார் ரசிகர்களோடு நான் இந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை. நாங்கள் அந்தக் கார்களை நேசித்தது உண்மை. வேறு எதுவும் கிடைக்காததும் உண்மை. முதலாவது உண்மையை வைத்து இரண்டாவதை மறைப்பது அந்தத் தொழிலாளிகளுக்கே செய்யும் அநியாயம். அவர்களுடைய திறமைக்கு அந்த ஏற்பாடு கொடுத்த தீனி போதவில்லை.

1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. அதுவும் நான் மிகவும் ஆசைப்பட்ட கார். உடம்பு, ரோவர் எஸ்டி 1. 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய வடிவம். டேவிட் பேச் வரைந்தது. நீண்ட மூக்கு, சரிந்து இறங்கும் முதுகு. மவுண்ட் ரோட்டில் அது போனால் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுப் பார்ப்பேன். இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. இங்கே 1991 சிசியில் நாலு சிலிண்டர் எஞ்சின். அதன் வேர் 1940களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டில் இருக்கிறது. அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது, டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. நல்ல எஞ்சின், உறுதியான எஞ்சின், ஆனால் அதன் காலம் போய்விட்டிருந்தது. விலை அதிகம், பெட்ரோல் குடித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, கார் என்பது சாவியைத் திருப்பினால் ஓடும் பொருள் என்று நடுத்தர வீடுகளுக்குப் பழக்கிவிட்டிருந்தது. ஸ்டாண்டர்ட் 2000ஐச் சில ஆண்டுகளுக்கு மேல் தள்ள முடியவில்லை. 1980களின் இறுதியில் ஆலை நின்றது. பக்கத்து வீட்டு மாமா சைக்கிளில் போன அந்தச் சாலையில் அதற்குப் பிறகு அவர் போகவில்லை. நான் ஸ்டாண்டர்ட் 2000இல் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. இன்றைக்கும் அந்த ஆசை இருக்கிறது.

கைக்கெட்டும் தூரத்தில் வந்து போனது ஒரு கெஸல். 1990களின் ஆரம்பம் பழைய கார்களுக்கு மிக மோசமான காலம். மாருதி வாங்கியவர்கள் பழைய வண்டியை எவர் கேட்டாலும் கொடுத்தார்கள். ஸ்டாண்டர்ட் வண்டிக்கு, கம்பெனியே இல்லை என்பதால், இன்னும் விலை கிடையாது. பல்லாவரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் வெளிர்நீல கெஸல் ஒன்று நின்றது. ஒரே ஓனர், ஆர்.சி. புக் சுத்தம், டிங்கரிங் படாத உடம்பு. அந்த அம்மா விலைகூடச் சொல்லவில்லை. “ஓட்டுவேன்னு சொல்றவங்ககிட்டதான் குடுப்பேன், உடைக்கிறவங்ககிட்ட குடுக்க மாட்டேன்” என்றார். அந்த ஆண்டு தங்கை கல்யாணம். கையில் இருந்ததெல்லாம் அதற்குப் போயிற்று, போக வேண்டியதுதான். மறு ஆண்டு நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா காலமாகிவிட்டார் என்றும் பிள்ளைகள் வந்து வண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றும் எதிர்வீட்டில் சொன்னார்கள். யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையைப் பலர் பழிக்கிறார்கள். நான் பழிக்க மாட்டேன். எத்தனையோ பழைய வண்டிகள் அங்கே கிடைத்த கதவுப்பிடியிலும் டைனமோவிலும்தான் உயிர் பிழைத்தன. கண்டம் என்று ஒதுக்கிய வண்டியை அங்கே அரை நாளில் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு பாகமும் இன்னொரு வண்டிக்குப் போகும். ஆனால் ஒரு மாடல் தெருவிலிருந்தே மறைந்துவிட்டால் அதன் பாகத்தைக் கேட்டு வர ஆள் இருக்காது. அப்போது அது இரும்பு எடைக்குப் போய்விடும். ஹெரால்டுக்கு அப்படித்தான் நடந்தது. கடற்கரை ஊரின் உப்புக் காற்று வேறு. சேசிஸின் பக்கக் கைகளை உள்ளிருந்தே அது தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே கீழே விரலால் குத்தினால் ஓட்டை விழும்.

இப்போது நண்பர் ஒருவருடைய நான்கு கதவு ஹெரால்டை மீட்கும் வேலையில் கூடமாட இருக்கிறேன். அதில்தான் ஒரு விஷயம் உறைத்தது. கிளட்ச், பிரேக், டிரன்னியன், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இங்கிலாந்திலிருந்து தபாலில் வருகின்றன. ஹெரால்டின் சேசிஸிலும் சஸ்பென்ஷனிலும் பல உறுப்புகள், ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரோடு பொது. அந்த வண்டிக்கு அங்கே இன்னும் ஏராளமான பிரியர்கள் இருப்பதால் பாகங்களைப் புதிதாகவே செய்கிறார்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்கூட வாங்கிவிடலாம். எது கிடைப்பதில்லை தெரியுமா? பின்கதவு. பின்கதவின் கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங், கண்ணாடியை ஏற்றி இறக்கும் சட்டம். கெஸல் வைத்திருப்பவர்களுக்கு அதன் முன் கிரில், பின் அச்சின் உறுப்புகள். கவென்ட்ரியில் வரைந்ததெல்லாம் பிழைத்துக்கொண்டது. வண்டலூர் தன் மூளையால் சேர்த்தது எதுவோ அது மட்டும் அழிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மாற்றுப் பாகம் உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு கதவுத் தகட்டின் அளவை எடுக்க, துருப்பிடித்த இன்னொரு கதவைத் தேடிக் காஞ்சிபுரம் வரை போய் வந்தோம்.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால் மறைமலை நகர். ஃபோர்டு அங்கே வந்து கார் செய்து, 2021இல் நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. சென்னை கார் ஊர் ஆனது அப்போதுதான் என்று எழுதுகிறார்கள். அது தவறு. இந்த ஊரில் தகட்டை வளைக்கவும் மோல்டு அடிக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை அதற்கு முன்பே இருந்தது. அந்தத் தலைமுறையில் பலர் இன்று எண்பதை நெருங்குகிறார்கள்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி செய்திருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். சேசிஸும் உடம்பும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். 1961 முதல் வந்த ஹெரால்டுகள் எல்லாம் இந்த வயதைத் தாண்டிவிட்டன. கடைசிக் கெஸல்களும் 2027க்குள் தாண்டிவிடும். அதனால் உங்கள் வீட்டு ஷெட்டில், மாமனார் வீட்டுத் தோட்டத்தில், கீற்றுக் கொட்டகைக்குள் இப்படி ஒன்று நின்றால் காயலான் கடைக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் ஒரு பழைய கார்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வண்டி போய்விட்டாலும் பின்கதவுகளைக் கழற்றி வையுங்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ வண்டலூர் ஆலையில் வேலை பார்த்தவர் என்றால், அந்த நான்கு கதவை எப்படிச் செய்தார்கள், யார் வரைந்தார்கள், முதல் கதவை யார் பொருத்தினார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.